கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் எது எங்கிருந்து வந்தது என்று பிடிப்பது எப்படி

அமெரிக்கக் கார்ட்டூன் தொடர்களின் கிறிஸ்துமஸ் ஸ்பெஷல்களில் பழைய கதைகளைத் தொட்டுக் காட்டும் இடங்கள் ஒளிந்திருக்கும், அவற்றைப் பிடிக்க முதலில் எபிசோட்டின் பெயரைப் படியுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் கார்ட்டூன் சிட்காம்களில் பெயர் பெரும்பாலும் திரையில் வராது, ஸ்ட்ரீமிங் பட்டியலில் சின்ன எழுத்தில் கிடக்கும், அதைத் தாண்டி நேராகப் பட்டனை அமுக்கிவிடுவோம். ஆனால் கிறிஸ்துமஸ் ஸ்பெஷல் என்று வந்துவிட்டால் எழுதுகிறவர்கள் முதல் துப்பை வைப்பதே பெயரில்தான். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரின் முதல் அரைமணி நேர எபிசோட்டே ஒரு கிறிஸ்துமஸ் கதை, 1989 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் வந்தது. பெயர் 'சிம்ப்சன்ஸ் ரோஸ்டிங் ஆன் ஆன் ஓப்பன் ஃபயர்'. நெட் கிங் கோல் பாடிப் புகழ்பெற்ற ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் முதல் வரியைத்தான் கொஞ்சம் திருப்பியிருக்கிறார்கள். பாட்டில் நெருப்பில் வாட்டுவது செஸ்ட்நட் கொட்டையை, இங்கே வாட்டுவது ஒரு குடும்பத்தை. கதை முழுக்க நடப்பதும் அதேதான், பண்டிகை நேரத்தில் கையில் காசில்லாமல் ஒரு குடும்பம் வாடி வதங்குகிறது.

இதை யாருக்காக எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்துப் பட்டணத்தில் வளரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியும், கார்ட்டூன் தெரியும், வசனத்தை மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் திடீரென்று ஒரு காட்சியில் இசை மாறும், படத்தின் நிறம் மாறும், பாத்திரங்கள் எல்லாம் ஏதோ பெரிய சங்கதி நடந்த மாதிரி நிற்பார்கள், இவர்களுக்கு ஒன்றும் புரியாது. "மாமா, இதுல என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். அமெரிக்காவில் வளரும் பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடக் காரணம், வருஷா வருஷம் டிசம்பரில் அதே நாலைந்து பழைய படங்களை வீட்டில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த நாலைந்தை நாமும் தெரிந்துகொண்டால் போதும். அமெரிக்காவையே கரைத்துக் குடிக்க வேண்டியதில்லை. நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன்னால் இரண்டு வகையைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். 'கரகாட்டக்காரன்' வாழைப்பழ காமெடியை எடுத்துக்கொள்ளுங்கள். (அந்தப் படமும் 1989தான்.) இன்றைக்கு வரும் ஏதோ ஒரு படத்தில் ஒருவர் காசு கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னால், அடுத்த வசனம் வருவதற்கு முன்பே நம் வீட்டில் சிரிப்பு கிளம்பிவிடும். அது ரெஃபரன்ஸ், கதைக்கு வெளியே எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தொட்டுக் காட்டுவது. அதே தொடர் தன்னுடைய பழைய எபிசோட்டில் நடந்த ஒன்றை எடுத்துவந்து இப்போது வைத்தால் அது கால்பேக். ரெஃபரன்ஸைப் பிடிக்க ஊர் உலகம் கொஞ்சம் தெரிய வேண்டும், கால்பேக்கைப் பிடிக்க அந்தத் தொடரின் கூடவே இருந்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் ஸ்பெஷலில் இரண்டும் கலந்து வரும், அதனால்தான் அது மற்ற எபிசோட்களைவிட அடர்த்தியாக இருக்கிறது.

முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க வேண்டிய கதைகள்

முதலாவது சார்ல்ஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய 'எ கிறிஸ்துமஸ் கேரல்'. பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லுங்கள், ஐந்து நிமிடம் போதும். ஒரு கஞ்ச முதலாளி, குளிர்காலத்தில் கிளார்க்குக்கு அடுப்புக்கரி கொடுக்கவே கை வராது. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு செத்துப்போன கூட்டாளி சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகிறான், அப்புறம் மூன்று ஆவிகள் வந்து பழசையும் நடப்பதையும் நடக்கப்போவதையும் காட்டுகின்றன, காலையில் ஆள் திருந்திவிடுகிறான். கிளார்க்கின் மகன் டைனி டிம், ஊன்றுகோல் வைத்திருக்கும் சின்னப் பையன். தோட்டத்தில் ஆவிக்கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இதை ஒருமுறை சொன்னாலே மறக்க மாட்டார்கள். இரவு, படுக்கை, சங்கிலிச் சத்தம், மூன்று பேர் வருவது, இவற்றில் எது கார்ட்டூனில் வந்தாலும் காதைத் தீட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்', 1946இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். கடனில் மாட்டிய ஒரு நல்ல மனிதன் சாகப் போகிறான், ஒரு தேவதூதன் வந்து நீ பிறக்காமலே இருந்திருந்தால் ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறான், கடைசியில் ஊர்க்காரர்கள் எல்லோரும் காசை அள்ளிக்கொண்டு வந்து அவன் வீட்டு மேசையில் கொட்டுகிறார்கள். இந்தப் படம் ஏன் இத்தனை கார்ட்டூன்களில் வருகிறது என்பதற்கு ஒரு சுவையான காரணம் இருக்கிறது. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். டிவி நிலையங்கள் காசு கொடுக்காமல் போடலாம் என்றதும் டிசம்பர் வந்தாலே ஆளாளுக்கு அதைப் போட ஆரம்பித்தார்கள். ஒரு தலைமுறையே அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தது, அந்தத் தலைமுறையில் சிலர்தான் பிறகு கார்ட்டூன் எழுத வந்தார்கள்.

மற்றவை 1960களின் டிவி ஸ்பெஷல்கள். இவற்றுக்குக் கதையைவிட அடையாளம்தான் முக்கியம், அதனால் ஒரே மூச்சில் சொல்கிறேன். 1964இல் வந்த 'ருடால்ஃப்' (சிவப்பு மூக்குக் கலைமானின் கதை) பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமெடுத்தது, அந்தப் பொம்மை வேலை ஜப்பானில் நடந்தது. ஆகவே வரைந்த கார்ட்டூன் திடீரென்று பொம்மைகளாக மாறி வெட்டி வெட்டி நடந்தால் அது ருடால்ஃப். 1965இன் சார்லி பிரவுன் ஸ்பெஷலுக்கு அடையாளம் ஒரு நோஞ்சான் மரம், ஒரே ஒரு அலங்கார உருண்டையின் கனம் தாங்காமல் வளைந்து நிற்கும். 1966இன் 'கிரிஞ்ச்' பச்சைத் தோல், திருடிய பரிசுகள் ஏற்றிய சறுக்கு வண்டி, பரிசு போன பிறகும் ஊர்மக்கள் கைகோத்துப் பாடுவது, அதைக் கேட்டு இதயம் பெரிதாவது. ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு கரகரத்த குரல் கதை சொல்ல ஆரம்பித்தால் அதுவும் கிரிஞ்ச்தான்.

1989 எபிசோட்டை வைத்துப் பழகுங்கள்

பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான எபிசோட் எனக்குத் தெரிந்து இல்லை. ஏனென்றால் இது தொடரின் முதல் எபிசோட், இதில் கால்பேக் அநேகமாக இருக்காது, ரெஃபரன்ஸை மட்டும் தனியாகப் பார்க்கலாம். அதோடு தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கதை இதுதான். அம்மா மார்ஜ் ஒரு வருஷமாகச் சேர்த்த காசு ஒரு ஜாடியில் இருக்கிறது, ஜாடியை அந்த உயரமான நீலக் கொண்டைக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். மகன் பார்ட் கடைக்குப் போன இடத்தில் கையில் பச்சை குத்திக்கொள்கிறான், அம்மா என்று எழுத நினைத்தது பாதியில் நின்றுபோகிறது. அதை லேசர் வைத்து அழிப்பதற்கே ஜாடிக் காசு முழுவதும் போய்விடுகிறது. பரவாயில்லை, அப்பா ஹோமருக்கு போனஸ் வரும் என்று மார்ஜ் நம்புகிறாள். அதே நேரம் ஹோமர் வேலை செய்யும் அணுமின் நிலையத்தில் ஒலிபெருக்கியில் முதலாளி பர்ன்ஸ் பேசுகிறார்: நிர்வாகத்தினரின் சம்பள உயர்வுக்குக் குறை இல்லை, ஆனால் சாதாரணத் தொழிலாளிகளுக்கு இந்த வருஷம் போனஸ் கிடையாது. ரப்பர் பால் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு பாட்டி எங்களோடு உட்கார்ந்து இதைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. "அந்தக் கெழவன் யாரு?" என்று கேட்டார். "முதலாளி, பாட்டி" என்றேன். "அதான் மூஞ்சியிலேயே எழுதியிருக்கே" என்று சொல்லிவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஹோமர் பேரங்காடியில் சாண்டா வேஷம் போட்டு வேலை செய்கிறான். சம்பளச் சீட்டு வரும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள், கிடைப்பது 13 டாலர். பயிற்சிக்கு இவ்வளவு, உடுப்புக்கு இவ்வளவு, தாடி வாடகை இவ்வளவு என்று எல்லாம் பிடித்தது போக மிச்சம் அவ்வளவுதான். கடைக் கணக்கும் முன்பணமும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்த காலத்தைப் பார்த்தவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள், அந்தக் காட்சியில் அவர்களுடைய முகத்தையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

பிறகு நாய்ப் பந்தயம். நண்பன் பார்னி சொன்னது 'வேர்ல்விண்ட்' என்ற நாய். கடைசி நேரத்தில் 'சாண்டாஸ் லிட்டில் ஹெல்பர்' என்று ஒரு நாயின் பெயரை அறிவிக்கிறார்கள், ஹோமர் அதைக் கடவுள் காட்டிய சகுனம் என்று எடுத்துக்கொண்டு இருக்கிற காசையெல்லாம் அதன் மேல் கட்டுகிறான். ஒன்றுக்குத் தொண்ணூற்றொன்பது. எங்கள் பெரியப்பா ஒருவர், கனவில் வந்த நம்பர், ரோட்டில் மோதி நின்ற காரின் நம்பர் என்று எதையும் விடாமல் குறித்து வைத்து நாலு நம்பர் லாட்டரி எடுப்பவர், இந்த இடத்தில் எழுந்தே நின்றுவிட்டார். நாய் கடைசியாக வந்தது. "பேரைப் பார்த்துக் கட்டுனா இப்படித்தான்டா ஆகும்" என்றார், அவ்வளவு வருத்தத்தோடு.

சரி, இதில் ரெஃபரன்ஸ் எங்கே? பந்தயத்துக்குப் போகும் முன் பார்ட் தன் அப்பாவிடம் சொல்வதைக் கேளுங்கள். டிவி நமக்கு ஏதாவது கற்றுக்கொடுத்திருக்கிறது என்றால், கிறிஸ்துமஸ் அன்று ஏழைப் பிள்ளைகளுக்கு அற்புதம் நடக்கும் என்பதுதான், டைனி டிம்முக்கு நடந்தது, சார்லி பிரவுனுக்கு நடந்தது, ஸ்மர்ஃப்களுக்கு (இன்னொரு கார்ட்டூனின் நீலக் குட்டி மனிதர்கள்) நடந்தது, நமக்கும் நடக்கும், என்கிறான். மேலே சொன்ன கதைகளில் இரண்டு ஒரே வசனத்தில் வந்துவிட்டன பாருங்கள். இந்த இடத்தில் அந்தப் பெயர்கள் யாரென்று தெரியாமல் பார்ப்பவருக்கு ஒரு பையன் நம்பிக்கையாகப் பேசுகிறான் என்று மட்டும் தெரியும். தெரிந்து பார்ப்பவருக்கு வேறொன்றும் தெரியும்: எல்லாக் கிறிஸ்துமஸ் ஸ்பெஷலுக்கும் இருக்கும் விதியை இந்த எபிசோட் வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே அதை உடைக்கிறது. நாய் தோற்கிறது. அற்புதம் இல்லை. தோற்ற நாயை அதன் சொந்தக்காரன் விரட்டிவிட, அது ஓடிவந்து ஹோமர் மேல் தாவுகிறது, அதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், பரிசு அதுவாகிவிடுகிறது. பழைய கதைகளின் பெயரைச் சும்மா உதிர்ப்பதற்கும் அவற்றோடு பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு எபிசோட்டிலேயே விளங்கிவிடும்.

வீட்டில் இருக்கும் டிவியில் ஓடுவதையும் கவனியுங்கள், ஹோமரின் அப்பா திட்டிக்கொண்டே பார்க்கும் குட்டிப் பூதங்களின் கார்ட்டூன். அன்றைக்கு வந்துகொண்டிருந்த சர்க்கரை தடவிய குழந்தைக் கார்ட்டூன்களைப் பற்றி எழுதியவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அதில் இருக்கிறது. பொதுவாகவே, கார்ட்டூனுக்குள் ஒரு டிவி ஓடினால் பார்வையை அங்கே கொண்டுபோய்விடுங்கள்.

கால்பேக்கைப் பிடிப்பது

இங்கிருந்துதான் இது பல வருஷ வேலையாகிறது. அந்த நாயின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸே இல்லாத எபிசோட்டிலும் அதன் பெயர் 'சாண்டாஸ் லிட்டில் ஹெல்பர்'தான். நடுவில் பார்க்க ஆரம்பித்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியாது. 1989ஐப் பார்த்தவருக்கு அந்த நாய் திரையில் நடந்து போகும் ஒவ்வொரு முறையும் ஒரு கால்பேக்.

பூனையும் அப்படித்தான். அதே முதல் எபிசோட்டில் மார்ஜ் எழுதும் பண்டிகைக் கடிதத்தில், ஸ்னோபால் என்ற பூனை வண்டியில் அடிபட்டுச் செத்துவிட்டது, ஸ்னோபால் 2 என்று புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறோம் என்று போகிற போக்கில் ஒரு வரி வரும். 2004 ஜனவரியில் வந்த ஒரு எபிசோட்டில் அந்த இரண்டாவது பூனையும் செத்து, அடுத்தடுத்து வந்தவையும் போய், கடைசியில் மகள் லீசா ஒரு புதுப் பூனைக்கு மறுபடி ஸ்னோபால் 2 என்றே பெயர் வைக்கிறாள், பெயர் எழுதிய தட்டை மாற்றும் செலவு மிச்சம். பக்கத்தில் நிற்கும் தலைமையாசிரியர் ஸ்கின்னர் இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பார். லீசா அவரை 'டம்சேரியன்' என்று வேறு பெயரில் கூப்பிடுவாள், அவர் கப்சிப். 1997இல் வந்த ஒரு எபிசோட்டில் ஸ்கின்னரின் உண்மையான பெயர் அதுதான் என்று சொல்லி, கடைசியில் இனி யாரும் அதைப் பேசக்கூடாது என்று ஊரே முடிவெடுத்திருக்கும். ஒரு கால்பேக்குக்குள் இன்னொரு கால்பேக். இது ஒரே எபிசோட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலும் கிடைக்காது, மூன்றையும் பார்த்திருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் எபிசோட்களுக்குள்ளேயே ஒரு நல்ல ஜோடி இருக்கிறது, நம் ஊருக்கு ரொம்பப் பொருத்தம். 2001 டிசம்பரில் வந்த 'ஷீ ஆஃப் லிட்டில் ஃபெய்த்' எபிசோட்டில் லீசா பௌத்த மதத்துக்கு மாறுகிறாள், குடும்பமோ சர்ச்சுக்குப் போகும் குடும்பம். கிறிஸ்துமஸ் வந்ததும் என்ன செய்வது என்ற சங்கடம். கோயில், சர்ச், பள்ளிவாசல் எல்லாம் ஒரே ரோட்டில் இருக்கிற, ஒரே குடும்பத்தில் மாமியார் மாரியம்மன் கோயிலுக்கும் மருமகள் சர்ச்சுக்கும் போகிற ஊரில் இருப்பவர்களுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டாம். இது அந்த எபிசோட்டோடு முடிந்திருக்கலாம், முடியவில்லை. 2003 டிசம்பரில் வந்த ''டிஸ் தி ஃபிஃப்டீன்த் சீசன்' எபிசோட்டில், பொருள்கள் இல்லாவிட்டால் மக்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று லீசா தன் பௌத்தத்திலிருந்து ஒரு கருத்தைச் சொல்ல, ஹோமர் அதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு ஊரார் வீட்டுப் பரிசுகளை இரவோடு இரவாகத் திருடுகிறான். திருடும் விதம் அப்படியே கிரிஞ்ச். அதற்கு முன்னால் அவன் டிவியில் பார்த்துத் திருந்துவது டிக்கன்ஸ் கதையின் கார்ட்டூன் வடிவம் ஒன்றை, அதுவும் 1962இல் வந்த மிஸ்டர் மகூ ஸ்பெஷலைக் கிண்டல் செய்தது. ஆக ஒரே எபிசோட்டில் 1843, 1962, 1966 மூன்றும் ரெஃபரன்ஸாக, 2001 கால்பேக்காக. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் வேறு எந்த ஸ்பெஷலும் கஷ்டமாக இருக்காது.

எது ரெஃபரன்ஸ் இல்லை

ஆர்வம் கூடினால் எல்லாமே ரெஃபரன்ஸாகத் தெரியும். சாண்டா வந்தாலே ஏதோ படம், பனி விழுந்தாலே ஏதோ படம் என்று பிள்ளைகள் கை தூக்குவார்கள். இதற்கு நான் வைத்திருக்கும் விதி: குறைந்தது இரண்டு அடையாளம் ஒத்துவர வேண்டும். 1997 டிசம்பரில் வந்த 'மிரக்கிள் ஆன் எவர்கிரீன் டெரஸ்' எபிசோட்டைப் பாருங்கள். பெயர் 1947இன் 'மிரக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்' படத்திலிருந்து வந்தது, சிம்ப்சன் வீடு இருக்கும் தெரு எவர்கிரீன் டெரஸ். ஆனால் கதைக்குள் போனால் அந்தப் படம் இல்லை. பார்ட் பொம்மைத் தீயணைப்பு வண்டியை ஓட்டி பிளாஸ்டிக் மரத்தையும் பரிசுகளையும் எரித்துவிட்டு, மிச்சத்தைப் பனிக்குள் புதைத்துவிட்டு, திருடன் வந்தான் என்று பொய் சொல்கிறான். ஊர்மக்கள் இரக்கப்பட்டுக் காசு கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கும் குடும்பம், வாசலில் காசோடு ஊர்மக்கள், இரண்டு அடையாளம், ஆகவே 1946 படம். உண்மை தெரிந்ததும் அதே ஊர் திரும்பி வந்து வீட்டையே துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது, பழைய படத்தின் முடிவைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். பெயர் ஒரு படத்தைக் காட்டும், உள்ளே வேறொன்று இருக்கும் என்பதற்கு இது நல்ல பாடம்.

ஒளிபரப்பான வருஷத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 1995 டிசம்பரில் வந்த 'மார்ஜ் பீ நாட் பிரவுட்' எபிசோட்டில் பார்ட் கடையில் திருடும் 'போன்ஸ்டார்ம்' என்ற வீடியோ கேம், அந்த வருஷங்களில் பிள்ளைகளைப் பைத்தியமாக்கிய 'மோர்ட்டல் கொம்பாட்' மாதிரியான சண்டை விளையாட்டுகளின் கிண்டல். நாலு கையோடு வரும் ஆட்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் சிம்ப்சன்ஸ் மாதிரித் தொடரில் ஒரு எபிசோட்டை முடிக்கப் பல மாதம் ஆகும், ஆகவே போன வாரச் செய்தியை அதில் தேடாதீர்கள். 'சவுத் பார்க்' என்ற இன்னொரு கார்ட்டூன் தொடர் அப்படியில்லை, அவர்கள் ஒரு எபிசோட்டைச் சுமார் ஆறு நாளில் முடிப்பவர்கள், அதில் அந்த வாரத்து விஷயமே வரும்.

பாட்டையும் கவனியுங்கள், இது காதால் செய்யும் வேலை. தெரிந்த மெட்டு மாதிரி ஆரம்பித்து இரண்டு ஸ்வரம் தள்ளி வேறு பக்கம் போனால் அது வேண்டுமென்றே செய்தது. சிம்ப்சன்ஸுக்கு 1990 முதல் 2017 வரை இசையமைத்த ஆல்ஃப் கிளாசன் இதில் கெட்டிக்காரர். குரலையும் அப்படியே கேளுங்கள், 1997 எபிசோட்டில் மார்ஜ் போய்த் தோற்கும் வினாடி வினா நிகழ்ச்சியில் பேசுவது அந்த நிகழ்ச்சியின் அப்போதைய உண்மையான தொகுப்பாளர் அலெக்ஸ் ட்ரெபெக்.

வீட்டில் எப்படிப் போடுவது

டிசம்பரில் எங்கள் பக்கம் சாயங்கால மழை பிடித்தால் விடாது, தோட்டத்துக்கு உள்ளே இருக்கும் வீடுகளில் லைன் தடுமாறும். பட்டணத்துக்குப் போகும்போதே எபிசோட்களை ஃபோனில் இறக்கி வைத்துவிடுங்கள், பெரிய டிவியில் போட ஒரு கேபிள் வாங்கி வையுங்கள். ஆங்கில சப்டைட்டிலைப் போடுங்கள், மலாய் சப்டைட்டிலில் பாட்டு வரிகளும் பெயர் விளையாட்டும் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

முதல் தடவை எங்கேயும் நிறுத்தாதீர்கள். இது ரொம்ப முக்கியம், எத்தனை பேருக்குச் சொன்னாலும் கேட்பதில்லை. விஷயம் தெரிந்த அண்ணனோ அக்காவோ நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தி விளக்கினால் சின்னப் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், அப்புறம் கூப்பிட்டாலும் வர மாட்டார்கள். ஓடவிடுங்கள், யார் எங்கே சிரித்தார்கள், எங்கே முழித்தார்கள் என்று மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு இரண்டாவது தடவை போடும்போது ரிமோட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். நிறுத்த வேண்டியது அவர்கள். கடைப் பலகை, சுவரொட்டி, பத்திரிகைத் தலைப்பு, பின்னால் ஓடும் டிவி, இந்த நாலு இடத்திலும் நிறுத்திப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பயிற்சிப் புத்தகத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் வெளியிலிருந்து வந்தது, மறுபக்கம் தொடருக்குள்ளிருந்து வந்தது என்று எழுதச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போடுவது என்று அவர்கள் சண்டை போட்டால் நல்லது, சண்டை போடட்டும்.

பெரியவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். டிக்கன்ஸ் தெரியாவிட்டாலும் கஞ்ச முதலாளியைத் தெரியும், அலங்கார விளக்கு போட்ட பக்கத்து வீட்டைப் பார்த்து நம் வீட்டில் விளக்கு இல்லையே என்று நிற்கிற மனசும் தெரியும். (1989இல் பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸின் விளக்குகளுக்கு எதிரே ஹோமர் தன் வீட்டு விளக்கைப் போடும் காட்சியில் எங்கள் வீட்டில் அதிகம் சிரித்தவர்கள் பெரியவர்கள்தான்.) அவர்களிடம் இது எந்தத் தமிழ்ப் படம் மாதிரி இருக்கிறது என்று கேளுங்கள். 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' இதே வேலையை நம் சினிமாவுக்குச் செய்தது, அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோருக்கும் இந்த வித்தை ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

வயதையும் பார்த்துப் போடுங்கள். சவுத் பார்க் பெரியவர்களுக்கானது, கிறிஸ்துமஸ் என்று பெயர் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் தனியாகப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம், 1995இல் நண்பர்களுக்கு அனுப்புவதற்காகத் தயாரான ஒரு கிறிஸ்துமஸ் வீடியோ வாழ்த்திலிருந்துதான் அந்தத் தொடரே 1997இல் கிளம்பியது. 'ஃபியூச்சராமா' என்ற இன்னொரு கார்ட்டூன் தொடரின் 1999 ஸ்பெஷலில் வரும் ரோபோ சாண்டா துப்பாக்கியோடு வந்து ஊரையே சுடுவான், அவனுக்குள் இருக்கும் புரோகிராம் கோளாறால் உலகத்தில் கிட்டத்தட்ட யாருமே அவனுக்கு நல்ல பிள்ளையாகத் தெரிவதில்லை. பத்து வயதுக்கு மேல் ரசிப்பார்கள், சின்னவர்கள் பயப்படுவார்கள். அவன் 2001இல் திரும்ப வரும்போது குரல் மாறியிருக்கும், முதலில் பேசியவர் ஜான் குட்மேன். அந்த எபிசோட்டின் பெயர் 'எ டேல் ஆஃப் டூ சாண்டாஸ்', மறுபடியும் டிக்கன்ஸ், இந்தத் தடவை அவருடைய வேறொரு நாவல்.

வரிசை கேட்பவர்களுக்கு: சிம்ப்சன்ஸ் 1989, 1995, 1997, 2001, 2003, இந்த ஒழுங்கிலேயே போங்கள், நாளுக்கு ஒன்று வைத்தால் போதும். அதெல்லாம் முடிந்த பிறகு 2011 டிசம்பரில் வந்த 'ஹாலிடேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' எபிசோட்டை எடுங்கள், பார்ட்டும் லீசாவும் வளர்ந்து பெரியவர்களாகிப் பிள்ளைகளோடு வீட்டுக்கு வரும் கதை. ஆரம்பத்தில் வருஷா வருஷம் எடுத்த கிறிஸ்துமஸ் குடும்பப் படங்கள் மளமளவென்று ஓடும். ரிமோட் யார் கையில் இருந்தாலும் அங்கே ஒவ்வொரு படத்துக்கும் நிறுத்துங்கள், யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.